ஓப்பன்னெஸ் என்றால் வெளிப்படைத்தன்மை இல்லை

ஆளுமைப் பண்புகள் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ஓப்பன்னெஸ் (openness) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் "வெளிப்படைத்தன்மை" என்று போட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒரு கட்டுரையில் "வெளிப்படைத்தன்மை மிக்கவர்களே படைப்பாற்றலில் சிறக்கிறார்கள்" என்று வாசித்தேன். ஒளிவுமறைவு இல்லாதவர்தான் நல்ல கவிதை எழுதுவார் என்றல்லவா இதற்குப் பொருள் வருகிறது?

உளவியலில் ஒருவரின் ஆளுமையை விவரிக்கும் ஐந்து பெரும் பண்புகளில் ஓப்பன்னெஸ் ஒன்று. 1992-இல் வெளிவந்த தங்கள் ஆளுமை வினாத்தொகுப்பில் உளவியலாளர்கள் கோஸ்டாவும் மெக்ரேயும் இதை ஆறு கூறாகப் பிரித்தார்கள்: கற்பனை, அழகுணர்வு, உணர்ச்சிகள், செயல்கள், கருத்துகள், விழுமியங்கள். உண்மையை மறைக்காமல் சொல்வது இதில் எங்கே இருக்கிறது?

வெளிப்படை என்பது உள்ளே இருப்பது வெளியே வருவது. இலக்கணத்திலும் குறிப்புக்கு எதிர்ச்சொல் அதுதான். ஓப்பன்னெஸ் நேர் எதிர்த்திசை, வெளியே இருக்கும் புதியதை உள்ளே விடுவது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கொட்டிவிடுகிற ஒருவர் முப்பது வருடமாக ஒரே தெருவழியாகத்தான் நடப்பார், புதுப் பாட்டு என்றாலே முகம் சுளிப்பார். இன்னொருவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார், ஆனால் கையில் கிடைத்த எந்தப் புத்தகத்தையும் விடமாட்டார். இரண்டாமவருக்குத்தான் இந்தப் பண்பு அதிகம், படைப்பாற்றலோடு திரும்பத் திரும்பத் தொடர்பு காட்டுவதும் இதுவே.

சரி, "திறந்த மனம்"? கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் "மனம் திறந்து பேசினார்" என்கிறோமே, அங்கேயும் பழைய குழிதான், அதோடு மாற்றுக்கருத்தைப் பொறுத்துக்கொள்வதாக மட்டும் சுருங்கிவிடுகிறது. நன்னூல் "புதியன புகுதல்" என்கிறது. புகுதல், அதாவது உள்ளே வருதல், திசை சரியாக இருக்கிறது. அதனால் என் வாக்கு "புதுமையேற்பு" என்பதற்கு. உணர்ச்சிகள் என்ற கூறு இதில் முழுதாக அடங்கவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் படிப்பவரைத் தவறான பக்கம் தள்ளாது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் சிக்கல். மனிதர்களை ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாட்டில் வரும் ஜட்ஜிங்கை (judging) "தீர்ப்பளிப்பவர்" என்கிறார்கள். அது பிறரை எடைபோடுகிற ஆளைக் குறிப்பதில்லை; விஷயத்தை இழுத்துக்கொண்டே போகாமல் முடிவு செய்து, திட்டம்போட்டு நடப்பவர் அவர். "முடிவு நாடுபவர்" என்று எழுதினால் போதும்.