யோடல்: உடைகிற குரலுக்கு ஒரு பெயர்

மகரக்கட்டு உடைகிற வயதில் ஒரு பையன் வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிடுவான். பாதியில் குரல் கீச்சென்று மேலே ஏறி, மறுபடி கரகரப்பாகக் கீழே விழும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், அவன் கூனிப்போவான். அந்தப் பையனுக்குத் தானாக நேர்வதை வேண்டுமென்றே, சுருதி பிசகாமல், திரும்பத் திரும்பச் செய்து காட்டினால் அதுதான் யோடல்.

கீழ் ஸ்வரங்களில் குரல்நாண்கள் தடிப்பாக, முழு உடம்போடும் அதிர்கின்றன. அது நெஞ்சுக்குரல். மேலே போகும்போது நீண்டு மெலிந்து விளிம்பு மட்டும் அதிர்கிறது. அது தலைக்குரல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் ஒரு முறிவு உண்டு. அந்த முறிவு வெளியே தெரியாமல் மறைக்கத்தான் பல பாடகர்கள் வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். யோடல் பாடுபவரோ அதையே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார். பெரும்பாலும் அதற்குச் சொற்களும் கிடையாது, வெறும் அசைகள்தாம். கீழே ஆ, ஓ. மேலே ஈ, ஊ.

சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவில் இருப்பவரைக் கூப்பிட "யோ" என்று குரல் கொடுப்பார்கள். அந்த "யோ" என்ற ஒலியிலிருந்தே "யோடெல்ன்" என்ற வினைச்சொல் பிறந்தது. நாம் "ஓய்" என்று கூப்பிடுவதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன்காரர்கள் இதை ஜே எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு "ஜோடல்" என்று படித்துவிடக் கூடாது.

ஆல்ப்ஸின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ரைனர் குடும்பம் 1839 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடியது. அங்கிருந்த மேடைக் கலைஞர்கள் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் உலகம் முழுக்க இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட பெயர் ஆல்ப்ஸ்காரர் ஒருவருடையது அல்ல. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரை விட்டு ரயிலேறிய ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற ரயில்வேத் தொழிலாளியுடையது.

1897-இல் பிறந்தவர். அப்பாவுக்கும் ரயில்வே வேலை. சிறுவயதில் தண்டவாளம் போடும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். அவர்களுடைய பாட்டுகள் காதில் ஏறின. பிறகு ரயிலில் பிரேக் போடும் பிரேக்மேன் ஆனார். 1924-இல் காசநோய் என்று தெரிந்தது. அந்த உடம்போடு ரயில் வேலையைத் தொடர முடியவில்லை, பாட்டு மிஞ்சியது. விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரத்துக்கு வந்து புதுப் பாடகர்களைத் தேடியபோது ராட்ஜர்ஸும் தன் குழுவோடு போனார். பாடுவதற்கு முந்தின நாள், இசைத்தட்டில் யார் பெயர் போடுவது என்று குழுவுக்குள் தகராறு, ஆட்கள் பிரிந்துவிட்டார்கள். 1927 ஆகஸ்ட் 4 அன்று கிதாரோடு தனியாகப் பாடினார். அதே வருஷக் கடைசியில் பதிவான முதல் "புளூ யோடல்" அவரை நட்சத்திரமாக்கியது.

இந்த "புளூ"வில் ஒரு கண்ணி இருக்கிறது. இதை "நீல யோடல்" என்று மொழிபெயர்த்தால் கெட்டது காரியம். தமிழில் நீலத்தை எதோடு சேர்த்தாலும் வேறு அர்த்தம் வந்துவிடும். இங்கே புளூ என்றால் நிறமில்லை, மனச்சோர்வு. கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ராட்ஜர்ஸ் ஒரு யோடலைக் கோத்தார். மலைக்காரர்களின் உற்சாகக் கூவல் அவர் தொண்டையில் ரயில் ஊதல் போல, அழுகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இப்படிப் பதின்மூன்று புளூ யோடல்கள். ஒன்பதாவதில் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

பழுதான நுரையீரலோடு ஒருவர் இப்படிப் பாடினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. பாட்டுக்குப் பாட்டு நடுவே ஸ்டுடியோவில் போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டார். மே 26 அன்று இறந்தார், வயது 35. உடல் மெரிடியனுக்குத் திரும்பியதும் ரயிலில்தான். 1961-இல் கன்ட்ரி இசையின் புகழ் மன்றம் தன் முதல் மூவரைத் தேர்ந்தபோது அவரும் ஒருவர்.

அவருடைய தட்டுகள் கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள்வரை போயின. அவர்கள் வாயில் "ஜிம்மி ராட்ஜர்ஸ்" "செமிரோச்சா" ஆனது. 1950-இல் ஆப்பிரிக்க நாட்டுப்புற இசையைத் தேடிப் பதிவுசெய்துவந்த ஹ்யூ டிரேசி அங்கே பதிவுசெய்த பாட்டில் செமிரோச்சா பாதி மனிதன், பாதி மான்! இந்தியில் கிஷோர் குமார் ராட்ஜர்ஸின் தட்டுகளைக் கேட்டு யோடல் பழகினார் என்பார்கள். தமிழ் சினிமாவில் யோடல் என்றால் ஜே.பி. சந்திரபாபு. ராட்ஜர்ஸ் பிரிஸ்டலில் பாடிய அதே 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? குலவை என்று சிலர் எழுதுகிறார்கள். குலவையில் ஆடுவது நாக்கு, யோடலில் மாறுவது தொண்டை. இரண்டும் வேறு. கச்சேரிக்காரர்கள் சொல்லும் "கள்ளக்குரல்" மேல்பாதியை மட்டும்தான் குறிக்கும், அதுவும் குறை சொல்லும் தொனியில். எனக்குப் பொருத்தமாகப் படுவது "தாவுகுரல்". ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை: தாவிய குரல், தாவுகிற குரல், தாவும் குரல் எல்லாம் அதற்குள் அடக்கம். வினையாக வேண்டுமென்றால் "குரல் தாவிப் பாடினார்" என்று எழுதலாம். புளூ யோடலுக்குச் "சோகத் தாவுகுரல்". பாட்டின் பெயராக வரும் இடத்தில் மட்டும் "புளூ யோடல்" என்பதை அப்படியே விட்டுவிடலாம்.