பாதிப் பேச்சு ஏன் காதைக் குடைகிறது?

பின்சீட்டில் இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாலும் பஸ்ஸில் கண்ணயர்ந்துவிடலாம். ஒரே ஒருவர் செல்போனில் பேசினால் மட்டும் தூக்கம் கலைந்துவிடுகிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சத்தத்துக்கும் இதில் பங்குண்டு, ஆனால் பெரிய பங்கு வேறொன்றுக்கு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை 2010இல் வெளியானது. திரையில் நகரும் புள்ளியை மவுஸால் விடாமல் தொடர வேண்டும். இருவரின் உரையாடலோ ஒருவரின் தொடர்பேச்சோ காதில் விழுந்தபோது வேலை கெடவில்லை. போன் பேச்சின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டபோது பிழை கூடியது. அதே பேச்சைச் சொல் புரியாதபடி வடிகட்டிப் போட்டதும் பாதிப்பு மறைந்தது.

ஒருவர் பேசி முடிக்க, அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி. பத்து மொழிகளில் அளந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சொல்லைத் தேடி வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 600 மில்லிவினாடி ஆகும். அப்படியானால் எதிராளி எங்கே முடிப்பார் என்று முன்கூட்டியே கணித்து, அவர் பேசும்போதே பதிலைத் தயார் செய்துவிடுகிறோம்! பேச்சு நமக்கானது இல்லாவிட்டாலும் இந்தக் கணிப்பு ஓடத்தான் செய்யும். “ஆமா… இல்லல்ல… அவரே வந்தாரா?… ஐயோ!… எப்ப?” வந்தது யார், எதற்கு அந்த ஐயோ? ஒவ்வொரு இடைவெளியையும் மூளை நிரப்பப் பார்க்கிறது. அடுத்த சொல் எப்போது, எதைப் பற்றி வரும் என்று பிடிபடாததால் கணிப்பு பொய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பக்கமும் கேட்டால் பதில் உடனே வந்து கணிப்பு அடங்கிவிடும்.

இந்த ஆய்வுக்கு ஒரு கணினியும் ஹெட்போனும் போதும். பெரிய கருவி வாங்கினால்தான் ஆய்வு என்று நிதி ஒதுக்கும் பழக்கம் மாற வேண்டும். வினைச்சொல் கடைசியில் வரும் தமிழில் இந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பது நம் பல்கலைக்கழகங்கள் அளந்து பார்க்க வேண்டிய விஷயம்.

போனில் கத்துவது ஏன்? சுற்றிலும் இரைச்சல் கூடினால் குரல் தானாக ஏறும் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே விவரித்தார். போன் வைக்காத காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைந்து, உங்கள் குரல் உங்களுக்கே பெரிதாகக் கேட்கும், தொண்டை தானே இறங்கும். ஸ்பீக்கரில் போடுவதால் பக்கத்து சீட்டுக்காரருக்கு நன்மையில்லை. எதிர்முனைக் குரல் பஸ் இரைச்சலில் அரைகுறையாகத்தான் விழும்.

கேட்டுத் தவிப்பவர்கள், இரைச்சலை நீக்கும் இயர்போனை மட்டும் நம்ப வேண்டாம். அது முதலில் குறைப்பது இன்ஜினின் உறுமலைத்தான், பேச்சு முன்னைவிடத் தெளிவாகவே விழக்கூடும். மழைச் சத்தம் போன்ற சீரான ஒலியை அதில் ஓடவிடுங்கள். பேச்சு முழுக்க மறைய வேண்டியதில்லை, சொல் பிரிந்து கேட்காத அளவுக்கு வைத்தால் போதும்.