கோஜெனரேஷன்: மின்-வெப்ப இணையாக்கம்

ஒரே எரிபொருளை ஒரே இடத்தில் எரித்து, அதிலிருந்து மின்சாரத்தையும் பயன்படும் வெப்பத்தையும் சேர்த்து எடுப்பது கோஜெனரேஷன். பிரிட்டனில் 'கம்பைன்டு ஹீட் அண்ட் பவர்', சுருக்கமாக சிஎச்பி என்பார்கள். ஜெர்மன் மொழியில் 'கிராஃப்ட்-வேர்மெ-கோப்லுங்': விசையும் வெப்பமும் பிணைந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சொல் சர்க்கரை ஆலைகள் வழியாகவே பரவியது. கரும்புச் சக்கையை எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுத்து, மிச்ச மின்சாரத்தை விற்கும் முறைக்கு 'இணை மின் உற்பத்தி' என்ற பெயர் வழங்குகிறது.

வரையறையில் 'பயன்படும்' என்ற சொல்லைத் தவற விடக் கூடாது. மருத்துவமனையின் பின்கட்டில் நிற்கும் டீசல் ஜெனரேட்டரும்தான் வெப்பத்தைக் கக்குகிறது. ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் அது காற்றோடு போய்விடுவதால் அங்கே நடப்பது வெறும் மின் உற்பத்தி. அதே வெப்பம் சலவைக்கூடத்துக்கோ வார்டுகளின் வெந்நீர்க் குழாய்க்கோ போய்ச் சேர்ந்தால்தான் அது கோஜெனரேஷன்.

சொல்லின் வேர்

லத்தீனில் 'கோ' என்பது உடன், கூட. 'ஜெனராரே' என்பது பிறப்பித்தல். உடன் பிறப்பிப்பது என்பதே நேர்ப்பொருள். செய்முறை சொல்லைவிட மூத்தது. மின்நிலையங்களின் கழிவு நீராவியைக் குழாய் வழியாக அண்டைக் கட்டிடங்களுக்கு விற்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கத்தில் இருந்தது. 'கோஜெனரேஷன்' என்ற பெயர் பரவலானது 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. 1978-ல் அமெரிக்கா இயற்றிய 'பர்பா' (பொதுப் பயன்பாட்டு நிறுவன ஒழுங்குமுறைக் கொள்கைகள்) சட்டம் இதற்குச் சட்ட வரையறை தந்தது. மின்சாரத்தோடு நீராவியோ வேறு பயனுள்ள வெப்பமோ கிடைக்க வேண்டும் என்பது அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் எது சரி?

'இணை மின் உற்பத்தி' என்ற வழக்கில் இரண்டு குறைகள் உண்டு. வெப்பம் என்ற சொல்லே அதில் இல்லை. அத்துடன், மின்துறையில் 'இணை' என்றதும் வாரியத்தின் மின்சாரத்தோடு ஜெனரேட்டரை இணைத்து ஓட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். வெப்பத்தைத் துளியும் எடுக்காத இயந்திரத்தையும் அப்படி ஓட்டலாம்.

'கூட்டு மின் உற்பத்தி' இன்னும் சிக்கல். காஸ் டர்பைனின் கழிவு வெப்பத்தால் நீராவி டர்பைனையும் சுழற்றும் கம்பைன்டு சைக்கிள் நிலையத்துக்கு 'கூட்டுச் சுழற்சி' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அங்கே இரண்டாவது வெளியீடும் மின்சாரமே. 'வெப்ப மின் உற்பத்தி' என்றாலோ அனல்மின் நிலையம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

ஆகவே 'மின்-வெப்ப இணையாக்கம்' என்பதே எங்கள் பரிந்துரை. மின் முன்னும் வெப்பம் பின்னும் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் அமையும் ஏற்பாட்டில் எரிபொருளின் உயர்வெப்பம் முதலில் மின்சாரமாகிறது, மிஞ்சும் தாழ்வெப்பம் பிறகு வேலைக்குப் போகிறது. சொல்லின் வரிசையும் இயந்திரத்தின் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன.

மருத்துவமனை வளாகத்தில்

1 மெகாவாட் மின்சாரம் தரும் காஸ் என்ஜினுக்கு ஏறத்தாழ 2.4 மெகாவாட் அளவுக்கு எரிபொருள் வேண்டும். இயற்கை எரிவாயு என்றால் மணிக்குச் சுமார் 240 கனமீட்டர். அதில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் மின்சாரமாகும். வெப்பமாக மீட்கக்கூடியதும் கிட்டத்தட்ட அதே அளவு, 1 மெகாவாட். இந்த வெப்பம் இரண்டு வழிகளில் வருகிறது: என்ஜினைக் குளிர்விக்கும் ஜாக்கெட் தண்ணீரில் சரிபாதி, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெளியேறும் புகையில் மறுபாதி.

இரண்டையும் ஒரே கணக்கில் வைப்பது பெரும் பிழை. ஜாக்கெட் தண்ணீர் 90 டிகிரியில் வரும். குளியல் வெந்நீருக்கு அது போதும். கருவிகளைக் கிருமிநீக்க 134 டிகிரி நீராவி கேட்கும் ஆட்டோகிளேவுக்கு உதவாது. நீராவி வேண்டுமானால் புகைவழியில் கழிவுவெப்ப பாய்லர் வைக்க வேண்டும். அதிலும் 1 மெகாவாட் என்ஜின் மணிக்கு அரை டன் அளவுக்குத்தான் தரும். நீராவித் தேவை அதிகமுள்ள வளாகத்துக்கு, வெப்பம் முழுவதும் புகையிலேயே போகும் காஸ் டர்பைன் பொருந்தும்.

அளவைத் தீர்மானிப்பது வெப்பம்தான். உச்ச மின்தேவை 2 மெகாவாட், வருடம் முழுவதும் குறையாத வெப்பத்தேவை 600 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 'இணை மின்' என்று மட்டும் யோசிப்பவர் 2 மெகாவாட் என்ஜின் வாங்குவார், 1.4 மெகாவாட் வெப்பம் ரேடியேட்டரில் வீணாகும். 600 கிலோவாட் என்ஜினே அங்கே சரி. முழுச்சுமையில் வருடத்துக்கு 5,000 மணி நேரமாவது ஓட வேண்டும். அதற்கு 12 மாத மின் அளவீட்டை 15 நிமிட இடைவெளியிலும், நீராவி, வெந்நீர் அளவீட்டை மணிக்கணக்கிலும் எடுத்து வைத்த பிறகே விலை கேட்க வேண்டும்.

வெயில் நாடுகளில் அறையைச் சூடாக்கும் தேவை இல்லை. அங்கே லித்தியம் புரோமைடு அப்சார்ப்ஷன் சில்லர் என்ற குளிர்விப்பான் வெப்பத்தைக் குளிராக மாற்றித் தரும். 500 கிலோவாட் ஜாக்கெட் வெப்பத்துக்குச் சுமார் 350 கிலோவாட் குளிர், அதாவது குளிர்பதன அளவில் 100 டன். ஆனால் இந்த சில்லர் கூலிங் டவருக்குத் தள்ளும் வெப்பம் 850 கிலோவாட். அதே 100 டன்னுக்கு மின் சில்லர் தள்ளுவதைப் போல இரண்டு மடங்கு. பழைய டவர் போதும் என்று விட்டுவிட்டால் கோடையில் குளிர் குறைந்துவிடும்.

நிறுவிய பிறகு அதிகம் தொல்லை தருவது, வளாகத்தைச் சுற்றி என்ஜினுக்குத் திரும்பி வரும் தண்ணீர். 70 டிகிரிக்கு மேல் வந்தால் என்ஜின் குளிராது. முதலில் ரேடியேட்டர் விசிறிகள் ஓடும், அதுவும் போதாதபோது என்ஜின் டிரிப் ஆகும், அதாவது தானே நின்றுவிடும். பழைய பாய்லர் இணைப்புகளில் உள்ள மூவழி வால்வுகள் சூடு குறையாத தண்ணீரை அப்படியே திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாலும் காரணம். இருவழி வால்வும் வேகம் மாறும் பம்பும் போட்டு, என்ஜினின் வெப்பமாற்றியை பாய்லருக்கு முன்னால் ரிட்டர்ன் குழாயில் வைத்தால் இது தீரும். 1 மெகாவாட் வீதம் ஒரு மணி நேரம் வரும் வெப்பத்தைத் தேக்க, 20 டிகிரி வித்தியாசத்தில், 43 ஆயிரம் லிட்டர் தொட்டி வேண்டும். காலைக் குளியல் நேரத்தை அது தாங்கும். இவை எல்லாவற்றிலும் வெந்நீர்ச் சேமிப்பு 60 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகும் லெஜியோனெல்லா கிருமி நோயாளிகளுக்கு உயிராபத்து.

புகைபோக்கியை ஏசி பிரிவுகள் காற்று உறிஞ்சும் வாயிலிலிருந்து விலக்கி, காற்று வீசும் திசை பார்த்து நிறுத்துங்கள். என்ஜின் அறை ஆபரேஷன் தியேட்டருக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் பக்கத்தில் வேண்டாம், அதிர்வுதான் காரணம்.

வாரிய மின்சாரம் போனால்? பாதுகாப்பு ரிலே உடனே வாரியத் தொடர்பைத் துண்டிக்கும். தனித்து ஓடும் ஏற்பாடு முன்கூட்டியே இல்லாவிட்டால் என்ஜினும் நின்றுவிடும். தனித்து ஓடும்போதும் காஸ் என்ஜின் பெரிய சுமையை ஒரே அடியில் ஏற்றுக்கொள்ளாது. அதனால் சில்லர், லிஃப்ட் போன்றவற்றைக் கழற்றிவிட்டுப் படிப்படியாகச் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். உயிர்காக்கும் சுமைகளுக்கு 10 வினாடிக்குள் மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டரை இது வந்துவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது.

முறையாக அமைத்தால் பலன் பெரிது. 2005-ல் கத்ரீனா புயலின்போது மிசிசிப்பியின் ஜாக்சன் நகரிலுள்ள மிசிசிப்பி பாப்டிஸ்ட் மருத்துவமனை, தன் டர்பைனைக் கொண்டு 50 மணி நேரத்துக்கும் மேல் தனித்து இயங்கியது. 2001-ல் ஆலிசன் புயல் வெள்ளம் ஹூஸ்டனின் டெக்சஸ் மெடிக்கல் சென்டரில் அடித்தளங்களை மூழ்கடித்தது. 2010-ல் அந்த வளாகத்தின் மைய நிலையத்தில் 48 மெகாவாட் இணையாக்க டர்பைன் ஓடத் தொடங்கியது. 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது நீராவியும் குளிர்நீரும் தடைபடவில்லை.

கிளைச் சொற்கள்

மின்சாரம், வெப்பம், குளிர் மூன்றும் வந்தால் ட்ரைஜெனரேஷன், தமிழில் 'மும்மையாக்கம்'. வெப்பத்தை முதலில் தொழிலுக்குப் பயன்படுத்தி, மிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் 'பாட்டமிங் சைக்கிள்' முறையை 'பின்மின் இணையாக்கம்' எனலாம். சிமென்ட் ஆலைகளில் அது உண்டு, மருத்துவமனைக்கு வேலையில்லை. டெண்டரில் எந்தச் சொல்லை எழுதினாலும், மின் வெளியீடு எவ்வளவு என்பதற்குப் பக்கத்திலேயே வெப்ப வெளியீடு எவ்வளவு, எந்த வெப்பநிலையில் போய் எந்த வெப்பநிலையில் திரும்பும் என்ற மூன்று எண்களையும் எழுதுங்கள். அவற்றைச் சரிபார்க்க வெப்ப மீட்டரையும் பொருள் பட்டியலில் சேருங்கள்.