கால்சியம் குறைகிறதா, அளவீடு பிசகுகிறதா? மலையில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். என்னை அழைப்பவர்களில் பலர் முதலில் சொல்வது, தொட்டியில் கால்சியம் இறங்கிவிட்டது என்பதுதான். நேரில் சென்று பார்த்தால், உப்பின் செறிவு குறைந்திருக்கும், அல்லது கரைசலின் நிற மாற்றத்தைக் கொண்டு கால்சியத்தை அளக்கும் சோதனைப் பெட்டி பழையதாகியிருக்கும், அல்லது நிறம் பார்த்த இடத்தின் வெளிச்சம் சரியில்லாமல் இருக்கும். கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றுவதற்கு முன், கையில் கிடைத்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

இந்தச் சோதனைப் பெட்டி எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை. கோமாளி மீன் போன்ற மீன்களை மட்டும் வளர்ப்பவர், நல்ல கடல் உப்புக் கலவையைப் பயன்படுத்தி ஒழுங்காக நீரை மாற்றிவந்தால் போதும்; அந்தப் பணத்தில் அவர் உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குவதே நல்லது. பாறைமேல் இளஞ்சிவப்பாகப் படரும் கோரலைன் பாசி, நத்தைகள், குழாய்ப்புழுக்கள் ஆகியவை நிறைந்த தொட்டிகளில்தான் கால்சியம் கணிசமாகச் செலவாகும். மென்பவளங்களின் தேவை குறைவு. கல்பவளங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளவை. யாரோ கொடுக்கிறார் என்று கல்பவளத்தையோ, மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பாறையையோ தொட்டியில் சேர்ப்பது குற்றம்.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் உள்ள இயற்கைக் கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 410 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும், தொட்டிகளில் 400 முதல் 450 வரை வைத்துக்கொள்வது வழக்கம். உப்புத்தன்மை குறைந்தால் கால்சியமும் அதே விகிதத்தில் குறையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 35 இருக்க வேண்டிய நீர் 30 ஆகிவிட்டால் கால்சியம் 350 அளவில்தான் இருக்கும். அந்த நிலையில் கால்சியத்தை மட்டும் ஏற்றினால், மெக்னீசியமும் காரத்தன்மையும் (நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) குறைந்தபடியே நிற்க, நீரின் சமநிலை கெடும்.

மலையில் இது நேர்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தொட்டி நீரின் வெப்பநிலை ஹீட்டரின் துணையால் 25 டிகிரியில் இருக்கும். அதைக் குவளையில் எடுத்து வைத்து, சற்று நேரம் கழித்து, நீரின் அடர்த்தியைக் கொண்டு உப்பைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால், மார்கழிக் குளிரில் நீர் 12 டிகிரிக்கு இறங்கி அடர்த்தி கூடியிருக்கும். கருவியோ உப்பு அதிகம் என்று காட்டும். அதை நம்பி உப்பில்லாத நல்ல நீரை ஊற்றிக் கலக்கியவரின் தொட்டியில் உண்மையான உப்புத்தன்மை 31 வரை இறங்கிவிடக்கூடும். ரிஃப்ராக்டோமீட்டரிலும் கவனம் வேண்டும். அதில் உள்ள தானியங்கி வெப்பத் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான் செயல்படும்; உறைபனி விழும் ஊட்டிக் காலையில் சன்னலோரம் கிடந்த கருவி அந்த எல்லைக்குக் கீழே இருக்கலாம். கருவியை அறைக்குள் சூடான இடத்தில் வைத்திருந்து, உப்புத்தன்மை 35 என்று அளவு குறித்த தரக்கரைசலால் சரிபார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

சோதனைப் பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பதில் பார்க்க வேண்டியது, அது எத்தனை பி.பி.எம். வேறுபாட்டைக் காட்டும் என்பதே. ஏ.பி.ஐ. போன்ற சொட்டு முறைப் பெட்டிகளில் ஒரு சொட்டு 20 பி.பி.எம். ஆகும், தொட்டியின் போக்கைத் தோராயமாக அறிய அது போதும். சாலிஃபர்ட் போன்ற சிரிஞ்சு முறைப் பெட்டிகளில் 0.01 மி.லி. என்பது 5 பி.பி.எம். ஆகும். ஹன்னா நிறுவனத்தின் டிஜிட்டல் கருவியில் எண் திரையிலேயே வந்துவிடுவதால் அதுவே துல்லியமானது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்கு எடுக்கும் மாதிரி நீர் 0.1 மி.லி. மட்டுமே என்பதால், நூறில் ஒரு மி.லி. பிசகினாலே விடை பத்து சதவீதம் மாறிவிடும். கை பழகாதவருக்குச் சிரிஞ்சு முறையையே பரிந்துரைக்கிறேன். கிணற்று நீருக்கான கடினத்தன்மைப் பெட்டியை மட்டும் வாங்க வேண்டாம். அதிலும், நீர்ப் பரிசோதனைக் கூட அறிக்கைகளிலும், கால்சியம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்பட்டிருக்கும். அங்கே 1000 என்று இருந்தால் கால்சியம் 400 என்று பொருள். மொத்தக் கடினத்தன்மை என்றால் மெக்னீசியமும் அதில் சேர்ந்துவிடும்.

எல்லாப் பெட்டிகளுக்கும் அடிப்படை பெரும்பாலும் ஒன்றே. வன்காரத்தைச் சேர்த்து நீரின் பி.எச். அளவை 12க்கு மேல் உயர்த்தினால் மெக்னீசியம் வீழ்படிவாகிவிடும். எஞ்சிய கால்சியத்தை, அதைப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசல் எவ்வளவு செலவாகிறது என்பதைக் கொண்டு அளக்கிறோம். குழாயில் நீர் லேசாகக் கலங்குவது இதனால்தான்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிறங்காட்டியைச் சேர்த்ததும் நீர் இளஞ்சிவப்பாகும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, சொட்டு விழுந்த இடத்தில் நீலம் தோன்றிக் குலுக்கியதும் மறையும். பிறகு நீர் முழுவதும் ஊதாவாகும். ஊதா இறுதிநிலை ஆகாது. சிவப்புச் சாயல் அறவே நீங்கித் தெளிந்த நீலம் வரவேண்டும். மேலும் ஒரு சொட்டு விட்டாலும் நிறம் மாறக்கூடாது. குளிர்ந்த நீரில் தூள் மெல்லக் கரைவதால், ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகக் குலுக்கிச் சற்றுப் பொறுக்க வேண்டியிருக்கும்.

குன்னூரில் ஒரு தங்கும் விடுதியின் பராமரிப்பாளர், "மருந்து ஊத்த ஊத்த அளவு ஏற மாட்டேங்குதுங்க சார்" என்று அழைத்தார். அவர் அளந்ததெல்லாம் 340, 360 என்றே இருந்தது. தொட்டியிலோ ஹீட்டர் முழுவதும் வெள்ளையாகக் காரை படிந்திருந்தது. மோட்டாரின் விசிறியும் இறுகிக்கிடந்தது. ஊற்றிய கால்சியத்தோடு சேர்ந்து காரமும் அப்படிப் படிந்துபோனதால், காரத்தன்மை 5 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) மட்டுமே. வரவேற்பறையின் மஞ்சள் விளக்கடியில், மூடுபனி சூழ்ந்த மாலை நேரங்களில் அவர் அளந்துவந்திருக்கிறார். ஊதா வந்ததுமே நீலம் என்று நிறுத்தியிருக்கிறார். அதே பெட்டியை வெள்ளைத் தாளின் முன், வெள்ளை எல்.இ.டி. விளக்கில் வைத்து அளந்தபோது 480 வந்தது. தொட்டியின் நீல விளக்கின் கீழ் அளப்பதும் இதே பிழையைத் தரும்.

சமவெளியில் அடைத்த ரீஏஜென்ட் (சோதனைக் கரைசல்) புட்டி மலைக்கு வரும்போது வேறு ஒரு சிக்கலும் எழுகிறது. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிடக் கால் பங்குக்குச் சற்றே குறைவாக இறங்கியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல் புட்டிக்குள் இருக்கும் காற்றும் விரியும். முதன்முறை கவிழ்த்தால் சொட்டுக்குப் பதில் கரைசல் பீய்ச்சிவிடும். புட்டியை நிமிர்த்திய நிலையில் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகே செங்குத்தாகக் கவிழ்க்க வேண்டும். இந்தப் புட்டிகளில் ஒன்றில் இருப்பது வன்காரம் என்பதால், கரைசல் கண்ணிலோ கையிலோ படக்கூடாது. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

ஈரப்பதமும் இங்கே பெரும்பகை. சாரல் மாதங்களில் திறந்து வைத்த நிறங்காட்டித் தூள் கட்டிபிடிக்கும். கரண்டியில் அள்ளும் அளவு மாறும். கால்சியம் குளோரைடோ காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடக்கூடியது. நீர் கோத்துக் கனத்த தூளை எடை போட்டால் சேரும் கால்சியம் கணக்கைவிடக் குறையும். உப்புக் கலவையின் மூட்டையும் ஈரமேறிக் கட்டியானால், கரைக்கும்போது கால்சியமும் காரமும் சேர்ந்து வீழ்படிவாகிவிடலாம். அத்தகைய மூட்டையில் கலக்கிய நீரைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது என்று பலர் கேட்கிறார்கள். உயிரினங்கள் தம் மேலோட்டையும் எலும்புக்கூட்டையும் கட்டும்போது 1 டி.கே.எச். காரத்தன்மைக்கு ஏறத்தாழ 7 பி.பி.எம். கால்சியம் செலவாகிறது. ஒரு நாளில் அரை டி.கே.எச். குறைந்தாலும் கால்சியம் மூன்றரை பி.பி.எம். மட்டுமே இறங்கும், அதை இந்தப் பெட்டிகள் எவையும் காட்டா. ஆகவே அன்றாடப் போக்கை அறியக் காரத்தன்மையை அளப்பதே முறை. கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நேற்று 420, இன்று 410 என்பதற்காக ஊற்றத் தொடங்கினால், பெட்டியின் தடுமாற்றத்துக்கு மருந்து கொடுப்பதாகிவிடும்.

பெட்டியைச் சரிபார்க்க, அளவு குறித்த தரக்கரைசல் விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்காதவர்கள், காற்றுப் படாமல் மூடிவைத்த புதிய, ஆய்வகத் தரமுள்ள கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டை நுண்தராசில் 1.47 கிராம் எடுத்து, வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், கால்சியம் 400 இருக்கும். இதில் மெக்னீசியம் இல்லாததால் நிற மாற்றம் கடல்நீரில் காண்பதைவிடச் சற்று வேறாகத் தெரியலாம் என்பதை நினைவில் கொள்ளவும். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். பழைய பெட்டி தீரும் நிலையில், புதிய பெட்டி வந்த அன்றே ஒரே குவளை நீரை இரண்டிலும் அளந்து, வேறுபாட்டைப் பதிவேட்டில் குறித்துவிட்டு, அதன் பிறகு பழையதை ஒதுக்குங்கள்.