ஓபியாய்டு ஓவர்டோஸ்: அந்தக் குறட்டையைத் தூக்கம் என்று நம்ப வேண்டாம்

அபின் குடும்பத்து வலிநீக்கியான ஓபியாய்டு மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறியவர் பெரும்பாலும் தூங்குகிறவரைப் போலத்தான் இருப்பார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தொண்டையில் களகளவென்று குறட்டை கேட்கும். பக்கத்தில் இருப்பவர்களும் "அசதியில் தூங்குகிறார், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் சத்தம் தளர்ந்துபோன நாக்குக்கும் தொண்டைக்கும் நடுவே காற்று திணறுகிற சத்தம். இப்படி மூச்சு அடங்கி வரும் மரணம் பல நேரங்களில் நிமிடக் கணக்கில், சில நேரம் மணிக் கணக்கில் மெதுவாக வருகிறது. அதனால்தான் பக்கத்தில் இருப்பவரால் தடுக்கவும் முடிகிறது.

அபின், அதிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன், மார்ஃபினை மாற்றிச் செய்த ஹெராயின், முழுக்க ஆய்வகத்தில் பிறந்த டிரமடால், மெதடோன், ஃபெண்டனில் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். நம் உடலே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களுக்காக நரம்புசெல்களின் மேல் ஏற்பிகள், அதாவது அவை வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. ஓபியாய்டுகள் அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட ஏற்பிகள் உண்டு என்பது 1973-இல்தான் ஆய்வகத்தில் உறுதியானது. வலியைக் கடத்தும் இடத்தில் உட்கார்ந்தால் வலி அடங்கும். சுக உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைக் கட்டுப்படுத்தும் இடத்தில் உட்கார்ந்தால் சுகம் பொங்கும். மூச்சை நடத்தும் இடத்திலும் இதே ஏற்பிகள் இருப்பதுதான் சிக்கல்.

ஒரு நிமிடம் மூச்சை அடக்கிப் பாருங்கள். நெஞ்சு முட்டிக்கொண்டு வரும் அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை, இரத்தத்தில் கரியமில வாயு ஏறியதால் வருகிறது. மூளைத்தண்டு அதை உணர்ந்து "மூச்சை இழு" என்று விரட்டுகிறது. ஓபியாய்டு இந்த உணர்வை மழுங்கடிக்கிறது. கூடவே, மூச்சின் தாளத்தைப் போடுகிற முன் போட்சிங்கர் தொகுதி என்ற சின்ன நரம்புக் கூட்டத்தையும் (1991-இல் கண்டறிந்தார்கள்) மெதுவாக்குகிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய மூச்சு ஆறாகும், நான்காகும். கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும், தவிப்பு மட்டும் வராது. மூச்சு முழுதும் நின்றால் நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். இதயம் கடைசியில்தான் நிற்கிறது.

சரி, பழகியவருக்கு எப்படி அளவு தப்புகிறது? தினமும் ஓபியாய்டு வரும்போது நரம்புசெல்கள் அதை எதிர்த்து வேலை செய்யப் பழகிக்கொள்கின்றன. பழைய அளவுக்குப் பழைய சுகம் கிடைக்காது. மருந்து நின்றால் அந்த எதிர்வேலை மட்டும் மிஞ்சும்: வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கும் வலி, தூக்கமில்லாத இரவுகள். அடிமையானவர் பல நேரம் சுகத்துக்காக எடுப்பதில்லை, இதைத் தள்ளிப்போடத்தான் எடுக்கிறார். மன உறுதி இல்லாதவர் என்று அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுகத்தைப் பொறுத்தவரை இந்தத் தாங்குதிறன் வேகமாக வளர்கிறது, மூச்சைப் பொறுத்தவரை மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் வளர்கிறது. ஆகவே அளவைக் கூட்டக் கூட்ட, போதைக்கும் மூச்சடைப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்குகிறது.

சேர்த்த தாங்குதிறன் சில நாள் விட்டாலே கரையத் தொடங்கிவிடும், ஆனால் ஆள் நினைவில் வைத்திருப்பது பழைய அளவைத்தான். சிறையிலிருந்தோ சிகிச்சை மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் இதனால்தான் அத்தனை ஆபத்தானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2007-இல் வெளிவந்தது. அந்த இரண்டு வாரங்களில் போதைப்பொருள் ஓவர்டோஸால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது.

இன்னொரு வினோதமும் உண்டு. ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்ட எலிச் சோதனை அது. எலிகளுக்கு ஓர் அறையில் ஹெராயின் ஊசியும் வேறோர் அறையில் வெறும் சர்க்கரைக் கரைசல் ஊசியும் போட்டுப் பழக்கினார்கள். அளவைப் படிப்படியாகக் கூட்டிவிட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவைக் கொடுத்தார்கள். ஹெராயினையே அறியாத எலிகளில் ஏறக்குறைய 96 சதவீதம் செத்தன. பழகிய எலிகளுக்கு வழக்கமான அறையில் கொடுத்தபோது சுமார் 32 சதவீதம் செத்தன. அதே அளவு பழகிய எலிகளுக்கே சர்க்கரை அறையில் கொடுத்தபோது 64 சதவீதம்! வழக்கமான அறையைப் பார்த்ததுமே உடல் எதிர்ப்புக்குத் தயாராகிவிடுகிறது, புது இடத்தில் அந்த முன்னேற்பாடு நடப்பதில்லை. அதே ஆள், அதே அளவு, இடம் மட்டும் வேறு என்றாலும் ஓவர்டோஸ் ஆகலாம்.

ஓபியாய்டோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சை இரண்டு பக்கமிருந்தும் அமுக்கும். ஃபெண்டனில் கதை தனி. 1960 வாக்கில் பெல்ஜிய மருந்து ஆய்வாளர் பால் ஜான்சன் உருவாக்கிய இந்த மயக்க மருந்து மார்ஃபினைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வீரியமானது. மருத்துவமனையில் மைக்ரோகிராமில் அளந்து தரப்படுவதைக் கள்ளச் சந்தையில் குத்துமதிப்பாகக் கலக்கும்போது, ஒரே கலவையில் செய்த இரண்டு மாத்திரைகளில்கூட அளவு வேறுபடும்.

இனி காப்பாற்றும் பக்கம். முதலில் தோளைத் தட்டி, பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவில்லை என்றால் நடு நெஞ்செலும்பில் கைமுட்டியை வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும், அந்த வலிக்குத் தூங்குகிறவர் யாரும் விழித்துவிடுவார். விழிக்கவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் யோசிக்க நேரமில்லை. உதடு நீலம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள், கருத்த தோலில் உதட்டின் உள்பக்கமும் நகக்கண்ணும் சாம்பல் நிறமாகத் தெரியும். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஓபியாய்டுக்கு முறிமருந்தான நலாக்சோன் கொடுக்க வேண்டும்.

நலாக்சோன் அதே ஏற்பியில் ஓபியாய்டைவிட இறுக்கமாக ஒட்டும், ஆனால் எந்த வேலையும் செய்யாது. நாற்காலியில் இருந்தவரை எழுப்பிவிட்டுத் தான் சும்மா உட்கார்ந்துகொள்கிற மாதிரி. மூக்கில் பீய்ச்சும் வடிவம் எளிது: ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, முனையை ஒரு மூக்குத் துவாரத்தில் முழுதும் நுழைத்து அழுத்த வேண்டும். வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்த்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது ஒரே ஒரு வேளை மருந்து. மயக்கத்துக்குக் காரணம் ஓபியாய்டு இல்லை என்றாலும் இதனால் கெடுதல் வராது.

மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை மூளைக்குக் காற்று வேண்டும். தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்தபடியே. மூச்சு அறவே இல்லாமல் உடல் கட்டைபோலக் கிடந்தால் நெஞ்சையும் அழுத்த வேண்டும். மாற்றம் தெரியவில்லை என்றால் இரண்டாவது நலாக்சோன். பச்சைத் தண்ணீரில் இறக்குவது, பால் புகட்டுவது, கன்னத்தில் மாறி மாறி அறைவது எல்லாம் நேரத்தைத் தின்னும். பால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். ஃபெண்டனில் தூளைத் தொட்டாலே நாமும் சாய்ந்துவிடுவோம் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. கையில் பட்டால் கழுவிக்கொண்டால் போதும்.

விழித்தவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருந்து நின்றால் வரும் அந்த விலகல் துன்பத்தை நலாக்சோன் ஒரே அடியில் இறக்கிவிடுவதால் வாந்தி, நடுக்கம், கோபம் எல்லாம் சேர்ந்து வரும், எழுந்து போகவும் பார்ப்பார். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். நலாக்சோனின் பலம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மெதடோன் மாதிரியான மருந்தோ அதற்கப்புறமும் வெகுநேரம் உடலில் இருக்கும், அப்போது மூச்சு மறுபடியும் அடங்கலாம். அந்த வேதனையில் அவர் இன்னொரு ஊசியைத் தேடினால், நலாக்சோன் இருக்கும்வரை அது ஏறாது, விலகியதும் பழையதும் புதியதும் சேர்ந்து அமுக்கும். இதை அவருக்கும் எளிய வார்த்தையில் அப்போதே சொல்லிவிட வேண்டும்.