பெற்றோர்நிலைப் பொறுப்பு: ஒரு சொல் விளக்கம்

அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும்; பெற்றவர்கள் மறுக்கிறார்கள். யார் சொல் நிற்கும்? இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதற்கு விடை தேடும்போது 'பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற தொடரிடமே வந்து நிற்கின்றன. ஒரு குழந்தை தொடர்பாகவும் அதன் சொத்து தொடர்பாகவும் பெற்றோருக்குச் சட்டப்படி உள்ள உரிமைகள், கடமைகள், அதிகாரங்கள், பொறுப்புகள் அனைத்தும் என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பிரிவு 3, இதற்குப் பொருள் வகுக்கிறது.

முந்தைய சட்டம் 'பெற்றோரின் உரிமைகளும் கடமைகளும்' என்று பேசியது. 1985-இல், பதினாறு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் இசைவின்றிக் கருத்தடை ஆலோசனை தரலாமா என்ற கில்லிக் வழக்கில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, பெற்றோரின் உரிமை குழந்தையின் நலனுக்காகவே இருக்கிறது என்று தெளிவுபடுத்தியது. நான்கே ஆண்டுகளில் 'உரிமை' தொடரின் தலைப்பிலிருந்து இறங்கி, விளக்கத்துக்குள் ஓர் உறுப்பாகிவிட்டது. இது வெறும் பெயர் மாற்றமல்ல என்பதே என் உறுதியான எண்ணம்.

'பேரன்ட்' என்பதன் இலத்தீன் வேர் ஈனுதலைக் குறிக்கும். நம் 'பெற்றோர்' என்பதும் அதே பொருள்தான். 'ரெஸ்பான்சிபிலிட்டி' பதில் சொல்லுதலிலிருந்து பிறந்தது. 'பொறுப்பு' பொறுத்தலிலிருந்து, அதாவது சுமத்தலிலிருந்து, பிறந்தது. 'பெற்றோர் உரிமை' என்று மொழிபெயர்ப்பது பிழை. 'பெற்றோர் பொறுப்பு' சரியானதே; ஆனாலும் பெற்றவரைத் தவிர வேறு யாருக்கும் அது இல்லை என்று நினைக்க இடம் தருகிறது. சட்டமோ பெறாதவருக்கும் அதைத் தருகிறது. ஆகவே 'பெற்றோர்நிலைப் பொறுப்பு' என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இந்த வேறுபாடு தடுப்பூசி வழக்குகளில் நன்றாகப் புலப்படும். குழந்தையை உள்ளாட்சி அமைப்பின் பராமரிப்பில் வைக்கும் பராமரிப்பு ஆணையை நீதிமன்றம் பிறப்பித்தால் அந்த அமைப்புக்கும் இப்பொறுப்பு கிடைக்கிறது. பெற்றோர் அதை இழப்பதில்லை. ஆனால் குழந்தையின் நலனுக்குத் தேவையானால், அவர்கள் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று அந்த அமைப்பே வரையறுக்கலாம் என்கிறது அதே 1989 சட்டத்தின் பிரிவு 33. 2017-இல் ஒரு வழக்கில் நீதிபதி மெக்டொனால்ட், பெற்றோர் எதிர்த்தால் இந்தப் பிரிவு போதாது, உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்றார். 2020 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தேசிய அட்டவணைப்படியான தடுப்பூசி கடுமையான மருத்துவத் தலையீடு அல்ல. ஒவ்வொரு மறுப்புக்கும் வழக்குத் தொடரத் தேவையில்லை என்று நீதிபதி கிங் எழுதினார். குழந்தையின் தனி நிலைமையைக் கருத வேண்டும், பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பவை மாறவில்லை. பெற்றோர் நீதிமன்றத்தை நாடும் வழியும் மூடப்படவில்லை. 2021-இல் கோவிட், ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிகளைப் பற்றிய வழக்கிலும் நீதிபதி பூல் இதே வழியில் தீர்ப்பளித்தார்.

எனக்கு இந்தத் தீர்ப்புகள் சரியென்றே படுகின்றன. வழக்கு முடியும்வரை தட்டம்மை காத்திருக்காது.

ஒரு எல்லையை மட்டும் மறக்கக் கூடாது. அச்சட்டத்தின் பிரிவு 20-இன் கீழ், நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோர் இசைவுடன் பராமரிப்பில் வைக்கப்படும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் மீது உள்ளாட்சி அமைப்புக்குப் பெற்றோர்நிலைப் பொறுப்பு கிடையாது. பெற்றோர் மறுத்தால் அந்த அமைப்பு தானாகத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய முடியாது.