கைதுக்கு முன்னால் நடந்ததை எழுதி வையுங்கள்

மனித உரிமைக் காப்பாளர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று குடும்பத்தார் வந்து நிற்கும்போது, நான் முதலில் கேட்பது “கடந்த ஆறு மாதத்தில் வீட்டுக்கு யார் யார் வந்து விசாரித்தார்கள்?” என்பதைத்தான். பலருக்குக் கோபம் வரும். ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நேரத்தில் பழைய கதையைக் கேட்கிறாரே என்று நினைப்பார்கள். ஆளைத் தேடும் வேலையைச் சக வழக்கறிஞர்கள் இன்னொரு பக்கம் செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் பிற்பாடு வழக்கைத் தாங்கி நிற்கப்போவது அந்தப் பழைய கதைதான்.

செய்திகளில் ‘திடீர்க் கைது’ என்று வரும். நான் பார்த்தவரை இது திடீரென்று நடப்பதில்லை. முதலில் ‘சும்மா பேசிவிட்டுப் போகலாம்’ என்று இரண்டு பேர் வருவார்கள். பிறகு வீட்டு உரிமையாளருக்கு ஒரு போன் போகும். அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். வேலை பார்க்கும் இடத்தில் மேலாளர் கூப்பிட்டு, ‘உங்களால் எங்களுக்குச் சிக்கல்’ என்பார். வங்கிக் கணக்கு முடங்கும், காரணம் கேட்டால் கிளையில் யாருக்கும் தெரியாது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். சமூக வலைத்தளங்களில் ‘அந்நியக் கைக்கூலி’ என்று எழுதுவார்கள். பெண்ணாக இருந்தால் நடத்தையைப் பற்றிக் கதை கட்டுவார்கள், போலிப் படங்களைப் பரப்புவார்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் புகார் கொடுக்கக்கூடத் தோன்றாத அளவுக்குச் சின்னதாகத் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகவேதான் இப்படிச் செய்கிறார்கள்.

இங்கே யாரை மனித உரிமைக் காப்பாளர் என்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பிரகடனம், பதவியையோ படிப்பையோ பார்ப்பதில்லை. செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. வன்முறையில்லாமல் மற்றவர்களின் உரிமைக்காகப் பேசும் எவரும் அதில் அடங்குவார். நிலம் பறிபோகும்போது ஊரைக் கூட்டும் விவசாயி, சங்கம் வைக்கும் தொழிலாளி, காணாமல்போன மகனைத் தேடி மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு தெருவில் நிற்கும் அம்மா எல்லாரும் காப்பாளர்களே. ‘நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லையே’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்களிடம் எந்தப் பதிவும் இருப்பதில்லை.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம்? உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 9-ஆவது பிரிவு, யாரையும் தன்னிச்சையாகக் கைது செய்யவோ தடுத்துவைக்கவோ கூடாது என்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவும் அதையே சட்டக் கடப்பாடாக்குகிறது. பலர் இதை ‘சட்டத்துக்குப் புறம்பான கைது கூடாது’ என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2014-இல் வெளியிட்ட 35-ஆவது பொதுக் கருத்துரை (உடன்படிக்கைக்கு அக்குழு தரும் விளக்கம்) இதைத் தெளிவாக்கிவிட்டது. உள்நாட்டுச் சட்டப்படி எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும், தடுத்துவைத்தது நியாயமற்றதாக, முறையான நடைமுறை இல்லாததாக இருந்தால் அது தன்னிச்சையானதே. பேச்சையும் கூட்டத்தையும் தண்டிப்பதற்காகவே ஒருவரை உள்ளே வைத்திருந்தால், கைதுத் தாளில் எந்தப் பிரிவு எழுதியிருந்தாலும் அது மாறாது.

அந்த உள்நோக்கத்தை நிரூபிப்பதுதான் கடினம். ‘வரி ஏய்ப்பு’, ‘பணமோசடி’, ‘பயங்கரவாதத்துக்கு உதவி’, ‘அதிகாரியைப் பணிசெய்ய விடாமல் தடுத்தல்’ என்றுதான் வழக்கு வரும். உரிமைக்காகப் பேசியதால் கைது செய்தோம் என்று எவரும் எழுதித் தரமாட்டார்கள். அறிக்கை வெளியான மூன்றாம் நாள் மிரட்டல், சாட்சிகளைச் சந்தித்த வாரத்தில் வீட்டுச் சோதனை, நேர்காணலுக்கு மறுநாள் சம்மன் என்ற வரிசையைத் தேதியோடு வைத்தால்தான் உள்நோக்கம் கண்ணுக்குத் தெரியும்.

அகமது மன்சூரின் கதையை இப்படி வரிசையாகப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த பொறியாளர், கவிஞர். அரசியல் சீர்திருத்தம் கேட்டு 2011-இல் மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அதே ஆண்டு கைதாகி, தண்டனை பெற்று, மன்னிப்பில் வெளியே வந்தார். கடவுச்சீட்டு திரும்பி வரவில்லை. 2015-இல் மனித உரிமைக் காப்பாளர்களுக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தபோது ஜெனீவாவுக்குப் போக முடியவில்லை. 2016 ஆகஸ்டில், சிறைச் சித்திரவதை பற்றிய புதிய தகவல் என்று அவருடைய போனுக்கு ஓர் இணைப்பு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். அது பெகாசஸ் உளவு மென்பொருளுக்கான தூண்டில் என்று தெரியவந்தது. ஐபோனில் அதுவரை அறியப்படாத மூன்று ஓட்டைகளை ஆப்பிள் நிறுவனம் அவசரமாக அடைக்க வேண்டியதாயிற்று. 2017 மார்ச் 20 அன்று அவரைக் கைது செய்தார்கள். 2018-இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை. 2017-இல் தொடங்கிப் படித்தால் இது ஒரு சமூக வலைத்தளக் குற்ற வழக்கு. 2011-இல் தொடங்கிப் படித்தால் ஒரு மனிதரின் வாயை மூட ஆண்டுக்கணக்கில் நடந்த முயற்சி.

எழுதுவது எப்படி என்பதையும் சொல்கிறேன். ‘போலீஸ் அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தார்கள்’ என்ற வரியை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாது. ‘செவ்வாய்க்கிழமை, காலை 10.20. இரண்டு ஆண்கள், சாதாரண உடை, ஒருவர் கையில் வயர்லெஸ். அடையாள அட்டை கேட்டதற்குக் காட்டவில்லை. பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான், எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 10.45-க்குப் போனார்கள். எதிர்வீட்டு அக்கா பார்த்தார்.’ இதை வைத்து நிறைய செய்யலாம். வண்டி எண் இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கே எழுத வேண்டும். எழுதியதன் படம் வேறு இடத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு உடனே போய்விட வேண்டும், ஏனென்றால் சோதனையில் நோட்டும் போகும், கணினியும் போகும். வந்த மிரட்டல் செய்தியை அருவருப்பில் அழித்துவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. அழிப்பதற்கு முன் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு நீங்கள் அதைப் பார்க்கவே வேண்டாம்.

கைது நடந்துவிட்டால் முதல் இரண்டு நாள்தான் உயிர்நாடி. சித்திரவதையும் காணாமலாக்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. கைதானவரை நீதிபதி முன் நேரில் நிறுத்தப் பொதுவாக 48 மணி நேரம் போதும், அதற்கு மேல் தாமதமானால் மிக அசாதாரணமான காரணம் இருக்க வேண்டும் என்று 35-ஆவது பொதுக் கருத்துரை சொல்கிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் பிடித்தார்கள், கைதாணை காட்டினார்களா, எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று பார்த்தவர்களிடம் உடனே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘இங்கே இல்லை’ என்று சொல்லும் அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்கொணர்வு மனுவில் அந்த ‘இல்லை’ பெரிய சாட்சி. காப்பாளர் சாப்பிடும் மருந்துகளின் சீட்டு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். வெற்றுத்தாளிலும், புரியாத மொழியில் எழுதியதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைக் காப்பாளர்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். வீட்டார் கையெழுத்தையும் வாங்குவார்கள்.

மருந்துச் சீட்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறையில் மருத்துவத்தைத் தாமதப்படுத்துவதே ஒரு தண்டனையாகிவிடுகிறது. வெளியில் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று கைதிகளை நடத்துவதற்காக ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. இந்தியாவில், ஜார்க்கண்டில் ஆதிவாசிகளுக்காக உழைத்த அருட்தந்தை ஸ்டான் சுவாமியின் இருப்பிடத்தை 2018-லும் 2019-லும் சோதனையிட்டார்கள். 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்தபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும் மூடி வைத்த குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. பிணை கிடைக்காமல், வழக்கு விசாரணையே தொடங்காமல், 2021 ஜூலை 5 அன்று மும்பையில் ஒரு மருத்துவமனையில் காவலிலேயே இறந்தார். அவருடைய தடுத்துவைப்பு தன்னிச்சையானது என்று ஐ.நா. செயற்குழு கருத்துரைத்தது அவர் இறந்த பிறகுதான். இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

தன்னிச்சையான தடுத்துவைப்பு தொடர்பான அந்தச் செயற்குழு 1991-இல் அமைந்தது. ஐந்து வல்லுநர்கள் கொண்டது. அதற்கு மனு அனுப்பக் கட்டணம் கிடையாது. உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லாப் படியும் ஏறி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. குடும்பத்தார் அனுப்பலாம், அமைப்புகளும் அனுப்பலாம். அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள் தருவார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அவசர வேண்டுகோள் என்ற தனி வழி இருக்கிறது. மனித உரிமைக் காப்பாளர்களுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கும் தனியாக எழுதலாம். செயற்குழுவின் கருத்துரை சிறைக்கதவை நேரடியாகத் திறந்துவிடாது. அரசுகள் பல நேரம் கண்டுகொள்வதில்லை. இருந்தும் நான் ஒவ்வொரு முறையும் அனுப்பச் சொல்கிறேன். உள்ளே இருப்பவரைப் பற்றி வெளியே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்று சிறை அதிகாரிக்குத் தெரிந்தாலே நடத்துகிற விதம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஊடகத்துக்குச் சொல்வதா, அமைதியாக இருப்பதா என்று குடும்பங்கள் தவிப்பார்கள். ‘சத்தம் போடாமல் இருந்தால் நாளைக்கே விட்டுவிடுகிறோம்’ என்று மறைமுகமாகச் சொல்லி அனுப்புவது பழைய உத்தி. பெரும்பாலும் அந்த நாளை வருவதில்லை. பெயரும் படமும் வெளியே வருவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. ஆனால் முடிவு குடும்பத்தாருடையது, உள்ளே இருப்பவரின் ஒப்புதலைக் கேட்க முடிந்தால் கேட்க வேண்டும். ஐ.நா.வுக்குத் தகவல் கொடுத்ததற்காகவே பழிவாங்கப்பட்டவர்களைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார் என்பதால், ஆபத்தே இல்லை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

விடுதலையானதும் எல்லாரும் மூச்சு விடுவார்கள். வாரம் ஒருமுறை கையெழுத்து, ஊரைவிட்டுப் போகத் தடை, முடியாமல் இழுக்கும் வாய்தா என்று தொல்லை வேறு உருவத்தில் தொடரும்; நோட்டை மூடிவிடாதீர்கள். அடித்திருந்தால் சில நாள்களிலேயே காயம் மங்கிவிடும். இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதையின் தடயங்களைப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி) தெரிந்த மருத்துவரிடம் உடனே காட்டி, உடலையும் மனநிலையையும் முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பறிமுதல் செய்த போனைத் திருப்பிக் கொடுத்தால் அதை ஆன் செய்யாமல், அப்படியே தொழில்நுட்பம் தெரிந்த நம்பகமான ஒருவரிடம் ஒப்படையுங்கள்.